சிறு நிறுவனத்தில் வேலைச் சூழல் கெட்டிருந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தையல் மிஷினில் நூல் அடிக்கடி அறுந்தால் நாம் மிஷினைக் கோபித்துக்கொள்வதில்லை. ஊசி மழுங்கிவிட்டதா, நூலின் இழுப்பு கூடிவிட்டதா, பாபின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கிறோம். அதே மிஷினுக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் வேலை தவறும்போது மட்டும் அந்த வரிசையை மறந்து ஆளைக் கோபித்துக்கொள்கிறோம். குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில், முப்பத்திரண்டு பேருடன் ஷூவின் மேல்பகுதியான அப்பரைப் பிற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அதற்கு முன் பெரிய கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். இரண்டு இடங்களிலும் நான் செய்த தவறுகளிலிருந்து எழுதியதே இந்த வழிமுறை. இது தோல் வேலைக்கு மட்டும் உரியதன்று. வேலூர் காந்தி சாலையில் எட்டுப் பேருடன் நடக்கும் மருந்துக் கடையிலும், காட்பாடியில் பன்னிரண்டு பேருடன் நடக்கும் கணினி அலுவலகத்திலும் இதே அறிகுறிகளைப் பார்த்திருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு மாதங்களில் உங்கள் நிறுவனத்தில் நடந்த ஐந்து கெட்ட செய்திகளை எழுதுங்கள்: வீணான சரக்கு, உடைந்த பொருள், வாடிக்கையாளரின் புகார், ஊழியர்களுக்குள் நடந்த சண்டை, வேலையை விட்டுப் போன ஆள், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நடந்த நாளையும் உங்கள் காதுக்கு வந்த நாளையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள நாட்களே உங்கள் நிறுவனத்தின் காய்ச்சல் அளவு. அன்றைக்கே வந்துவிட்டால் மற்ற கோளாறுகளைச் சரிசெய்வது எளிது. பத்து நாள், இருபது நாள் என்று நீண்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு அறிகுறிக்கும் அடியில் அந்த இடைவெளிதான் இருக்கும். சம்பளத்தை உயர்த்தினாலும், ஆயுத பூஜைக்குப் பரிசு கொடுத்தாலும், அந்த இடைவெளி குறையாதவரை நோய் திரும்பி வரும்.

அறிகுறி: குறை இருப்பது சரக்கு வெளியே போன பிறகுதான் தெரிகிறது

கம்பெனி தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நூற்றெண்பது ஜோடி அப்பர்கள் எங்களுக்குத் திரும்பி வந்தன. பாத வடிவக் கட்டையில் மாட்டி இழுக்கும்போது ஓரம் கிழிந்துவிடுகிறது என்று ஆர்டர் கொடுத்தவர்கள் சொன்னார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். தோலின் ஓரத்தைச் சீவும் மிஷினில் பிளேடு அளவுக்கு மேல் ஆழமாக இறங்கி, மடிக்கும் இடத்தில் தோல் காகிதம்போல் ஆகியிருந்தது. அந்த இடத்தின் பின்பக்கம், விரல் நகத்தின் அகலத்துக்கு, லைனிங் துணியின் வெட்டுத்துண்டு ஒன்று பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நான்கு ஓரமும் நூல் பிசிராமல் வெட்டி, சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த ஜோடியைப் பிரித்தேன். அதிலும் அதே துண்டு, அதே நேர்த்தி.

சீவும் மிஷினில் இருந்த அம்மாவுக்குப் பிளேடு கோளாறு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் வேறொரு கோளாறுக்காக அவர் மிஷினை நிறுத்தியபோது, டார்கெட் குறைகிறதே என்ற பதற்றத்தில் நான் எல்லோர் முன்னிலையிலும் அவரைச் சத்தம் போட்டிருந்தேன். இரண்டாம் முறை அவர் நிறுத்தவில்லை. கைத்திறமை முழுவதையும் குறையை மறைப்பதில் செலவிட்டிருந்தார், ஏனென்றால் குறையைச் சொல்வதற்கு நான் இடம் வைக்கவில்லை.

இந்த அறிகுறியைக் கண்டால், தரம் பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, குறையைக் கேட்டவுடன் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். அது "யார் செய்தது?" என்று இருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அமைதியாகப் பேசினாலும் பயனில்லை, "எத்தனை ஜோடி போயிருக்கிறது?" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. இரண்டாவது, கூலிக் கணக்கு. பீஸ் ரேட்டில் வேலை நடக்கும் இடத்தில், கழிந்த பீஸுக்குக் கூலியைப் பிடித்தால், கழிவைக் காட்டுகிறவர் தன் சோற்றில் கைவைத்துக்கொள்கிறார் என்று பொருள். எங்கள் கம்பெனியில் அந்தப் பிடித்தத்தை முழுவதும் நிறுத்தினேன். மாதத்துக்குச் சில ஆயிரங்கள் கூடுதலாகப் போகின்றன. நூற்றெண்பது ஜோடி திரும்பி வந்தபோது போனதை ஒப்பிட்டால் அது சிறிய தொகை. மூன்றாவது, குறையை வைப்பதற்கு ஒரு வெளிப்படையான இடம் இருக்கிறதா என்பது. ஒவ்வொரு டேபிளின் மேலும் ஒரு சிவப்புத் தட்டு வையுங்கள். குறை உள்ளது அதில் விழட்டும், மாலையில் எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுதுங்கள், பெயரை எழுதாதீர்கள்.

முதல் இரண்டு வாரங்களில் பலகையில் எண்ணிக்கை ஏறும். கைவிட்டுவிடத் தோன்றும் இடம் இதுதான் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒத்துழைப்பும் நல்ல தலைமையும் உள்ள பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் பதிவான பிழைகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அந்தப் பிரிவுகளின் செவிலியர்கள் பிழையைச் சொல்ல அஞ்சவில்லை என்பதே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. டொயோட்டா ஆலைகளில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவிக்கு ஆளைக் கூப்பிடலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும் என்ற ஏற்பாடும் இதே அறிவில் பிறந்ததுதான். ஆகவே எண்ணிக்கை ஏறும்போது, குறை கூடுகிறது என்று நினைக்காமல், மறைந்திருந்தது மேலே வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஒரு வாரம் முழுவதும் தட்டு காலியாகவே இருந்தால் மகிழ வேண்டாம். குனிந்து டேபிளுக்கு அடியில் உள்ள சாக்குப் பைகளைப் பாருங்கள்.

ஒரே ஆள், ஒரே குறை, மூன்று முறை சொல்லிக் கொடுத்த பிறகும் தொடர்கிறது என்றால் அது வேறு கோளாறு. எங்களிடம் கறுப்புத் தோலில் கறுப்பு நூல் போடும்போது மட்டும் தையல் விலகும் ஒருவர் இருந்தார், வயது நாற்பத்தைந்து. ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் தையல் நேரானது.

அறிகுறி: ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்

தீபாவளி போனஸ் வாங்கிய மறுவாரமோ, பொங்கல் விடுமுறைக்குப் பிறகோ நாலைந்து பேர் வராமல் போனால், "இந்தக் காலத்தில் ஆளே கிடைப்பதில்லை" என்று சொல்லி நாம் ஆறுதல் அடைகிறோம். அந்த வாக்கியம் எந்தக் கோளாறையும் சரிசெய்யாது. பின்வரும் வரிசையில் பாருங்கள்.

சம்பளத் தேதி முதலில். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்குச் சேர வேண்டும். ஆர்டர் கொடுத்தவரிடமிருந்து பணம் வரவில்லை என்பது நமக்கும் அவருக்கும் இடையிலுள்ள சிக்கல். குழுக் கடன் தவணைக்கு வியாழக்கிழமை பணம் கட்ட வேண்டிய பெண்ணுக்கு அந்தக் காரணம் உதவாது. தாமதமாகும் என்று தெரிந்தால், 5ஆம் தேதியே எல்லோரையும் கூட்டி, எந்த நாளில் எவ்வளவு தருவோம் என்று சொல்லிவிடுங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட, சொல்லாமல் இழுத்தடித்ததைப் பொறுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது பஸ். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் எங்களிடம் வேலைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் குறிப்பிட்ட ஒரு டவுன் பஸ்ஸை நம்பி வருகிறார்கள். அந்த பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும் நேரம் காலை 8:40. எங்கள் வேலை தொடங்கிய நேரம் 8:30. பத்து நிமிடம் பிந்தினால் அரைமணிக் கூலி பிடிப்போம். நான்கு ஆண்டுகள் இப்படி நடந்தது, ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. வேலையை விட்டு நின்ற ஒரு பெண்தான், வீடு தேடிப்போன தரம் பார்க்கும் எங்கள் செக்கிங் அக்காவிடம், "பஸ் பிடிச்சு ஓடியாந்தும் தினம் கூலி புடிச்சா எப்படிக்கா?" என்று கேட்டிருக்கிறார். தொடங்கும் நேரத்தை 8:50 ஆக்கினோம். அந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு ஒருவர்தான் நின்றார், அதுவும் திருமணமாகி வாணியம்பாடிக்குப் போனதால்.

நின்றவரிடம் காரணம் கேட்பதற்கு முதலாளி போகக்கூடாது. நின்றவருக்குப் பழக்கமான, அவரைவிட அதிகாரம் அதிகம் இல்லாத ஒருவர் போக வேண்டும். "ஏன் நின்றாய்?" என்று கேட்டால் "உடம்பு சரியில்லை" என்றுதான் பதில் வரும், "வேலைக்கு வந்துகொண்டிருந்தபோது எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால் உண்மை வரும்.

நின்றவர் தன் கணக்கை முடிக்க வரும் நாளைக் கவனியுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று அதே சட்டத் தொகுப்பு சொல்கிறது. கேட்டருகே அவரை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வா" என்று அனுப்பினால், ஜன்னல் வழியாக முப்பது பேர் அதைப் பார்க்கிறார்கள். நாளைக்குத் தாங்கள் நிற்கும்போது என்ன நடக்கும் என்பதை அவர்கள் அன்றைக்கே கற்றுக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டு நிற்பதால் நஷ்டம் என்று தெரிந்த பிறகு, யார் சொல்லிவிட்டு நிற்பார்கள்?

அறிகுறி: கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை

காட்பாடியில் கணினி அலுவலகம் நடத்தும் என் அக்காள் மகனுக்கு இந்தக் கோளாறு இருந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்பான்; பன்னிரண்டு பேரும் இல்லை என்பார்கள்; பதினோரு மணிக்கு டீக்கடையில் நின்று எல்லாப் பிரச்சினைகளையும் பேசுவார்கள். அவனை அழைத்துக் கேள்வியை மாற்றச் சொன்னேன். "இந்த வாரம் எது தாமதமாகக்கூடும்?" என்று கேட்டால், இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், அவன் கடைசியில் பேச வேண்டும் என்றும் சொன்னேன். மூத்தவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்ட பிறகு அதற்கு எதிராக வாய் திறப்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பை ஒரே நாளில் மாற்ற முடியாது, பேசும் வரிசையை மாற்ற முடியும்.

யாராவது ஒருவர் துணிந்து ஒன்றைச் சொன்னால், அந்த வாரத்துக்குள் அதில் ஏதோ ஒன்றைச் செய்துவிடுங்கள், அல்லது ஏன் செய்ய முடியவில்லை என்று அவரிடம் நேரில் சொல்லுங்கள். பெட்டி வைத்து, பெயரில்லாமல் எழுதிப் போடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது பேர் உள்ள இடத்தில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அறிகுறி: ஒருவர் லீவு போட்டால் வேலை நின்றுவிடுகிறது, அவர் என்ன பேசினாலும் யாரும் தட்டிக் கேட்பதில்லை

தூண் வடிவ மேடை உள்ள போஸ்ட் தையல் மிஷினில் அற்புதமாகத் தைக்கும் ஒருவர் எங்களிடம் இருந்தார். புது மாடல் வந்தால் முதல் ஜோடியை அவர்தான் தைப்பார். ஹெல்பர் பெண்களை அவர் பேசும் பேச்சை நான் கேட்டும் கேளாததுபோல் இருந்தேன். அவர் போய்விட்டால் ஷிப்மென்ட் நின்றுவிடும் என்ற பயமே காரணம். ஓராண்டில் ஆறு ஹெல்பர்கள் மாறினார்கள். ஒருவருடைய திறமையால் வந்த லாபத்தைக் கணக்கில் எழுதினேன். ஆறு பேருக்கு வேலை சொல்லிக் கொடுத்த செலவை எங்கும் எழுதவில்லை.

இதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதற்கு முன், அவருடைய வேலையை இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், அதையும் அவரைக் கொண்டே செய்யுங்கள், கற்றுக்கொடுப்பதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் கோபத்துக்கு அடியில், தன் இடம் பறிபோய்விடும் என்ற அச்சம் இருக்கிறது. குரு என்ற இடம் கிடைத்தால் சிலர் தணிந்துவிடுகிறார்கள். இவர் தணியவில்லை. மூன்று மாதம் கழித்துத் தனியாக உட்கார வைத்து, எந்த நாளில் யாரிடம் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று குறிப்பாகச் சொல்லி, இனி ஒருமுறை நடந்தால் கணக்கு முடிக்கப்படும் என்றேன். நடந்தது, முடித்தேன். அடுத்த பத்து நாட்கள் உற்பத்தி குறைந்தது. பதினைந்தாம் நாளிலிருந்து, ஹெல்பர் பெண்கள் எழுந்து வந்து மிஷின் ஆளிடம் "இது சரியா வரலைண்ணா" என்று சொல்வதைப் பார்த்தேன். அதற்கு முன் அந்தக் கூடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

அறிகுறி: சாப்பாட்டு நேரத்தில் கூடம் இரண்டு மூன்றாகப் பிரிகிறது

நட்பால் சேர்ந்து உட்கார்வது வேறு, பிரிந்து உட்கார்வது வேறு. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பொதுக் கேனில் சிலர் மட்டும் குடிக்கிறார்களா, சிலர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்து அதிலேயே நிறுத்திக்கொள்கிறார்களா, ஒருவர் வைத்த டம்ளரை அடுத்தவர் கழுவிவிட்டு எடுக்கிறாரா, கழுவாமல் எடுக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் கூடத்தில் ஒரு டம்ளர் தனியாக, ஜன்னல் விளிம்பில், எப்போதும் கவிழ்த்தே இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அந்த வழியாக எத்தனை முறை நடந்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதற்கு அறிவுரை கூட்டம் வேண்டாம். அந்த டம்ளரை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளர்களை அடையாளம் இல்லாமல் வைத்தேன். முதல் நாள் அதில் முதலில் தண்ணீர் குடித்தவன் நான். டேபிள்களில் உட்காரும் வரிசையை மாதந்தோறும் மாற்றினேன். சாதியைச் சொல்லிப் பேசினால் அன்றைக்கே வேலை முடியும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு பேர் அதனால் நின்றார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க நான் ஆள் அனுப்பவில்லை.

விடுமுறைப் பட்டியலும் இதில் சேர்ந்ததே. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்ற நான்குடன், பண்டிகைக்கென ஐந்து நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தை முதலாளி தன் வீட்டுக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. எங்களிடம் வைகாசி முதல் நாள் குடியாத்தம் கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போக விரும்புகிறவர்களும், ரம்ஜானுக்கு வீட்டில் இருக்க வேண்டியவர்களும், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களும் ஒரே லைனில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிசம்பரில் எல்லோரையும் உட்கார வைத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, நான் எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர்களுக்காகச் சாப்பாட்டு நேரத்தை அன்று மட்டும் எல்லோருக்கும் அரைமணி நீட்டி, மாலையில் ஈடுகட்டுகிறோம். ஒருசிலருக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அது சலுகையாகத் தெரிந்திருக்கும்.

அறிகுறி: பெண்கள் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கோ, ஆளிடமோ தனியாகப் போகத் தயங்குகிறார்கள்

ஸ்டோர் அறைக்குப் போக இருவராகவே எழுகிறார்கள், ஒரு சூப்பர்வைசரின் ஷிப்டில் மட்டும் லீவு கூடுகிறது, மாலையில் சரக்கு கணக்கு ஒப்படைக்க யாரும் முன்வருவதில்லை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும், மற்ற அறிகுறிகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எடுங்கள். இதை நீங்களே கூப்பிட்டுப் பேசித் தீர்க்க முயலக்கூடாது. அந்தப் பெண்ணையும் அந்த ஆணையும் ஒரே அறையில் உட்கார வைத்து "சமாதானம்" பேசும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் முறை இழைக்கும் கொடுமை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்த ஒருவரோ, இத்துறையில் பழக்கமுள்ள ஒருவரோ வெளியிலிருந்து உறுப்பினராக இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தரலாம், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

சட்டம் சொன்னதற்காகப் பெயர்ப் பட்டியலை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. வெளி உறுப்பினரை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரவழைத்து, ஆண்கள் யாரும் இல்லாமல் பெண்களுடன் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எங்கள் கூடத்தில் அவர் முதல்முறை வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டாம் முறை, கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து ஐந்து மாதமாகிறது என்று ஒருவர் சொன்னார். தாழ்ப்பாளை அன்று மாலையே மாற்றினோம். மூன்றாம் முறைதான் பேச வேண்டியதைப் பேசினார்கள்.

அறிகுறி: ஓவர்டைம் ஓய்வதே இல்லை, மாலையில் எல்லோரும் எரிந்து விழுகிறார்கள்

ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அதைக் கொடுக்காமல் சாதாரணக் கூலிக்கே நேரத்தை நீட்டும் இடங்களில், முதலாளிக்கு ஓவர்டைம் வலிப்பதில்லை. வலிக்காததால் அது நிற்பதும் இல்லை. சரியாகக் கொடுத்துப் பாருங்கள், ஆர்டர் எடுக்கும்போதே தேதியைப் பற்றிப் பேச உங்களுக்குத் தைரியம் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

எங்கள் பக்கத்து வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்கு அடியில், பசை நெடியோடு, மதியம் இரண்டு முதல் நான்கு வரை நடக்கும் வேலையில்தான் எங்கள் சிவப்புத் தட்டு அதிகம் நிறைகிறது, சண்டைகளும் அப்போதுதான் வருகின்றன. மே மாதத்தில் சம்மதித்தவர்களுக்கு வேலையைக் காலை ஏழுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிக்கிறோம். பானையில் மோர் இருக்கும். கூரைமேல் தென்னங்கீற்று போடுகிறோம். குணக்கேடு என்று நான் நினைத்திருந்த சில சண்டைகள் வெறும் வெக்கை என்று தெரிந்தது. நின்றுகொண்டே வியாபாரம் பார்க்கும் கடைகளில் இதற்குச் சமமான கோளாறு கால்வலி. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். காந்தி சாலை மருந்துக் கடைக்காரர் நான்கு ஸ்டூல் போட்ட பிறகு, மாலையில் நோயாளிகளிடம் பேசும் குரலே மாறியிருக்கிறது என்றார்.

அறிகுறி: எந்தக் குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்

நோட்டை மறுபடி எடுங்கள். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதலாவது, சீவும் மிஷின்: கோளாறு நடந்த நேரம் காலை 11:10, எனக்குத் தெரிந்த நேரம் 11:15. அதே அம்மாதான் எழுந்து வந்தார். "பிளேடு ஆழமா இறங்குது சார், நிறுத்திட்டேன். பன்னெண்டு பீஸ் போச்சு" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்பானர் எடுக்கப் போய்விட்டார்.

இரண்டாவது, பசை டின் சரிந்து ஒரு ஹெல்பர் பெண்ணின் கையில் கொட்டியது. நடந்தது திங்கட்கிழமை, எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் சம்பளக் கையெழுத்துப் போடும்போது கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததால். அவர் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. அவரிடம் யார் வேலை சொல்லிக் கொடுத்தார்கள், அடிபட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளில் சொன்னார்களா, சொன்னவர் எந்த முகத்தோடு சொன்னார் என்பதை இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.